பச்சைத் தூளும் புழுங்கல் தூளும்

"ஏத்தா, பூஞ்சாணம் பூத்த சோத்த நாய்க்கு வைக்கவே நாம யோசிப்போம். நீ அத மூட்டை கட்டிக் கொண்டாந்து பூசணிக்குப் போடப் போறேங்கிற. ஒன்னயக் காலேசுக்கு அனுப்புனதுக்கு ஒங்கப்பன் ஒரு எரும வாங்கியிருக்கலாம். பாலாச்சும் குடுத்திருக்கும்."

இப்படிச் சொன்னவர் என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். எங்கள் நிலமும் அவர் நிலமும் ஒரே வரப்பின் இரண்டு பக்கம். கிணறு ஒன்றுதான். நான் அப்போது மூட்டையைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். தலையில் பாரத்தோடு யாரிடமும் வாதம் செய்யக் கூடாது என்பது என் கொள்கை. இறக்கி, கழுத்தைச் சொடக்கெடுத்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"எருமைக்கு பஸ் போர்டு வாசிக்கத் தெரியாது பெரியப்பா. போன மாசம் பழனி பஸ்ஸுன்னு தேனி பஸ்ஸுல ஏறி ஒக்காந்தீங்கள்ல, செம்பட்டியில எறக்கி விட்டது யாரு?"

வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெரியம்மா அரிவாளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் துண்டை உதறினால் தோற்றுப்போனார் என்று அர்த்தமில்லை. நாளைக்கு வருவார் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள் நான். கல்லூரிப் படி ஏறிய முதல் ஆளும் நான்தான். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்று ஊரில் பேச்சு உண்டு. அதில் 'கொஞ்சம்' என்ற சொல்தான் எனக்குப் பிடிக்காது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. திண்டுக்கல்லில் தாவரவியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வேர்களுக்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சையைத் தொட்டியில் வளர்ப்பது என் செய்முறை வேலை. மைக்கோரைசா என்று அதற்கு வாய் கோணுகிற பெயர். சுத்தமான மணலில் மக்காச்சோளம் விதைத்து, அதன் வேரில் இந்தப் பூஞ்சையை ஏற்றி வளர்க்க வேண்டும். பிறகு செடியைக் காயவிட்டு, வேரை நறுக்கி, மணலோடு கலந்தால் அதுதான் தூள். பார்ப்பதற்கு ஆற்று மணலில் யாரோ தாடியைச் சிரைத்துக் கொட்டியதுபோல் இருக்கும். ஆய்வகத்தில் வேலை முடிந்து மிஞ்சியதைக் கேட்டு வாங்கி, சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றினேன்.

கண்டக்டர் சாக்கைக் காலால் தள்ளிப் பார்த்தார். "என்னம்மா இது, சிமெண்டா?"

"மண்ணுண்ணே."

"மண்ணா?"

"மண்ணுதான்."

"ஏன், ஒங்க ஊர்ல மண்ணு தீந்துபோச்சா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவர் கேட்டது நெஞ்சில் ஒரு முள்போல் நின்றது. எங்கள் ஊரில் உண்மையிலேயே மண் தீர்ந்துகொண்டுதான் இருந்தது.

காரணம் செங்கல் சூளைக்காரர். பழனிப் பக்கத்து ஆள். அவரைப்போல் மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. நாய் குரைத்தால் நாய்க்கும் 'ங்க' போடுவார். "ஏனுங்க, மேல் மண்ணு மட்டும் கொஞ்சம் எடுத்துக்கறனுங்க, நெலம் உங்களுதாவே இருக்குமுங்க" என்று சொல்லிச் சொல்லியே ரோட்டோரம் ஒரு பெரிய நிலத்தின் மேல் தோலை உரித்து லாரியில் ஏற்றிவிட்டார். சொன்ன சொல் தவறவில்லை. நிலம் சொந்தக்காரருடையதாகவேதான் இருந்தது. மழைக்கு அதில் தண்ணீர் நிற்கும், வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். சீமைக்கருவேல்கூட அதில் முளைக்கலாமா என்று யோசித்துத்தான் முளைத்தது.

அவருடைய அடுத்த கண் எங்கள் கிணற்று மேட்டின்மேல் விழுந்திருந்தது. கிணற்றை ஒட்டிய மேட்டு நிலம் அது. அப்பா வருடா வருடம் ஆடியில் அங்கே சர்க்கரைப் பூசணி போடுவார். வருடா வருடம் அது தேங்காய் அளவுக்குக் காய்த்துவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்பதுபோல் வாடிவிடும். "இந்த மேட்டுல பாடுபடுறதுக்கு மண்ண வித்துட்டுச் சும்மா இருக்கலாம்" என்று அப்பா சொல்ல ஆரம்பித்திருந்தார். அப்பா ஒன்றை மூன்று முறை சொன்னால் செய்துவிடுவார். இதை அவர் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

அதனால்தான் அந்த மூட்டை.

அன்று சாயங்காலம் அப்பாவை உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். வேரின் நுனிக்கு எட்டாத இடங்கள் மண்ணில் நிறைய உண்டு; இந்தப் பூஞ்சையின் இழை தலைமுடியைவிட மெல்லியது, வேருக்குள் ஒரு காலும் மண்ணில் ஒரு காலுமாக நிற்கும்; எட்டாத இடத்து மணிச்சத்தையும், அதாவது பாஸ்பரஸையும், ஈரத்தையும் இழுத்து வந்து வேரிடம் கொடுக்கும் என்றேன்.

"சும்மாவா குடுக்கும்?" என்றார் அப்பா.

"செடி அதுக்குச் சர்க்கரை குடுக்கும்."

"அப்ப கூலியாளுன்னு சொல்லு."

"கூலியாளு இல்லப்பா. அங்கேயே குடியிருக்கும்."

"வாடகை?"

"அதான் கொண்டாந்து குடுக்குற சத்து."

அப்பா எழுந்து கிணற்று மேட்டை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு சொன்னார்: "சரி. இந்த ஆடிப் பட்டம் ஒனக்கு. காய்ச்சுக் காட்டு. ஒன் தூளால காய்ச்சதுன்னு எனக்குத் தெரியணும். இல்லைன்னா தை பொறந்ததும் சூளைக்காரரு லாரி வரும். அப்ப நீ வாயத் தொறக்கக் கூடாது."

நான் வாயைத் திறக்காமல் இருப்பது என்பது பெரிய பந்தயம். அதை அப்பா அறிவார்.

கல்லூரியில் படித்தபடியே திட்டம் போட்டேன். மேட்டை நடுவில் கயிறு கட்டிப் பிரித்தேன். கிழக்குப் பாதிக் குழிகளில் விதைக்கு அடியில் தூள். மேற்குப் பாதியில் தூள் கிடையாது. மற்றதெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே: ஒரே விதை, ஒரே சாணி எரு, ஒரே கிணற்றுத் தண்ணீர். டிஏபி உரம் இரண்டு பக்கமும் கூடாது என்றேன். அதில் மணிச்சத்து உண்டு; அது சும்மா கிடைத்தால் செடி பூஞ்சையை அண்டவிடாது. அப்பா உர மூட்டையைச் சொந்தக்காரரை வழியனுப்புகிறதுபோல் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார்.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊரில் கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும் பந்தியில் வெஞ்சன வாளியை, அதாவது கூட்டு பொரியல் வாளியை, அம்மா கையில்தான் கொடுப்பார்கள். முதல் பந்தி முதல் இலைக்கு விழுந்த அதே அளவு கடைசிப் பந்தி கடைசி இலைக்கும் விழும். மாப்பிள்ளைக்கு ஒரு கரண்டி கூடப் போடச் சொன்னால் வாளியை வைத்துவிட்டு வந்துவிடுவார். பந்தியில் வஞ்சனை செய்தால் அடுத்த பிறவியில் பல்லியாகப் பிறந்து அடுப்படிச் சுவரிலேயே கிடக்க வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. சின்ன வயதில் எனக்கு அப்பளம் கொஞ்சம் பெரியதாக வேண்டும் என்று அழுதிருக்கிறேன். அம்மா ஊரிலுள்ள எல்லா அப்பளங்களையும் உடைத்துப் பங்கு போட்டிருப்பாரே தவிர எனக்குப் பெரியதைக் கொடுத்திருக்க மாட்டார்.

விதை ஊன்றிய அன்று அம்மா கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் பக்கத்துக்கு ஒண்ணுமே கெடையாதா?"

"கெடையாதும்மா."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூடக் கெடையாது. அப்பத்தான் வித்தியாசம் தெரியும்."

"ம்" என்றார். அந்த 'ம்'மை நான் சரியாகக் கவனித்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்துத் தூள் மூட்டையைத் தூக்கிப் பார்த்தபோது அது இளைத்திருந்தது. "எலிம்மா" என்றேன். "இருக்கும், இருக்கும், எலி தொந்தரவு தாங்கல" என்றார் அம்மா. மண் தின்னும் எலி உலகத்தில் உண்டா என்று தாவரவியல் மாணவிக்குத் தோன்றவில்லை. எலி விலங்கியல்காரர்களின் பாடம்.

அந்த வருடம் மழையும் நன்றாகப் பெய்தது. கொடி ஓடியது. ஓட்டம் என்றால் சாதாரண ஓட்டமில்லை. காலையில் பார்த்த இடத்தில் சாயங்காலம் நுனி இருக்காது. கிழக்குக் கொடிகள் மேற்கே போவதும் மேற்குக் கொடிகள் கிழக்கே வருவதுமாக இருக்க, கயிற்றுக்கு இரண்டு பக்கமும் நின்று அவற்றைத் திருப்பி விடுவதே அப்பாவுக்கும் எனக்கும் வேலை. "ஏலே, ஒன் எல்லையில நில்லுடா" என்று அப்பா கொடியை அதட்டுவதைக் கேட்டேன். அந்த வருடம் அவர் மேட்டுக்கு முன்னைவிட அடிக்கடி வந்தார்.

பிஞ்சு விட்டதும் எண்ண வேண்டும். ஆராய்ச்சி என்றால் எண்ணாமல் முடியுமா? விரலை நீட்டி எண்ண ஆரம்பித்ததும் முதுகில் ஓர் அறை விழுந்தது. அம்மா.

"பிஞ்ச வெரல் நீட்டிக் காட்டுறியே, வெளங்குமா? அழுகிப் போகும். வெரல மடக்கு!"

பூசணிப் பிஞ்சைச் சுட்டுவிரலால் காட்டக் கூடாது. எங்கள் பக்கத்தில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் விரலை மடக்கி முட்டியால் காட்ட வேண்டும். வாய்விட்டு எண்ணவும் கூடாது, கண் பட்டுவிடும். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு பிஞ்சுக்கும் தாடையை ஆட்டிக்கொண்டு, கயிற்றோரமாக நடந்தேன். வரப்பில் நின்ற பெரியப்பா கேட்டார்: "என்னத்தா, பூசணி என்ன கேக்குது? எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையாட்டிக்கிட்டே போற?"

காய் முற்றியது. தேங்காய் அளவெல்லாம் போய், ஒவ்வொன்றும் கைக்குழந்தையை இடுப்பில் வைப்பதுபோல் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. கிழக்குப் பாதி அப்படி. அதற்கு நான் துள்ளிக் குதித்திருப்பேன். ஆனால் மேற்குப் பாதியும் அப்படியே இருந்தது. இம்மியும் குறைவில்லை. போதாததற்கு வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் பூசணியும் அப்படியே இருந்தது.

பெரியப்பாவுக்குத் தீபாவளி இரண்டாவது முறை வந்தது. அவர் காய் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"பாத்துக்கப்பு. எங்காட்டுல எந்தத் தூளும் இல்ல, எந்தத் தாடி மயிரும் இல்ல. எப்படிக் காய்ச்சிருக்கு பாரு. மழைடா தம்பி, மழை! மழைக்குப் பேரு வச்சு ஒம்மக தம்பட்டம் அடிக்கிறா."

அப்பா என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. உலகத்திலேயே கனமான பொருள் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஆனால் எனக்குத் திருப்தி ஏற்படவில்லை. எங்கள் இரண்டு பாதியிலிருந்தும், பெரியப்பா பார்க்காத நேரம் அவருடைய வயலிலிருந்தும், கொஞ்சம் கொஞ்சம் வேரைத் தோண்டி எடுத்து ஈரத் துணியில் சுற்றிக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். வேரைக் காரத்தில் வேகவைத்து நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், பூஞ்சை இருக்கிற இடம் நீலமாகத் தெரியும். கிழக்குப் பாதி வேரில் நீல இழை, நீலக் குமிழ். எதிர்பார்த்தது. மேற்குப் பாதி வேரை வைத்தேன். நீல இழை, நீலக் குமிழ். பெரியப்பா வேரை வைத்தேன். அதிலும் அதே. எந்த மண்ணிலும் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கும்தான். ஆனால் இது கொஞ்சம் இல்லை. என் தொட்டியிலேயே வளர்த்ததுபோல் நிறைந்து கிடந்தது. கிழக்கு, மேற்கு, வரப்புக்கு அப்பால், எல்லா இலைக்கும் ஒரே அளவு.

எல்லா இலைக்கும் ஒரே அளவு என்று நினைத்த உடனே எனக்கு வெஞ்சன வாளி ஞாபகம் வந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டேன். பெரியப்பாவும் பெரியம்மாவும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். காய் அறுப்பு முடிந்தால் அன்றைக்கு இரண்டு வீட்டுக்கும் ஒரே சமையல். பூசணிக் கூட்டு.

"அம்மா, அந்தப் பக்கத்துக்கும் தூள் போட்டியா?"

அம்மா கரண்டியை நிறுத்தவில்லை. "ஆமா."

"அம்மா!"

"பின்ன? ஒரே தாய் வயித்து வெத. ஒண்ணுக்கு ஊட்டிட்டு ஒண்ண வாயப் பாக்க விடச் சொல்றியா? எனக்கு ஒறக்கம் வரல. நீ காலேசு போனப்புறம் குழிக்கு ஒரு கை போட்டுட்டு வந்தேன். அப்பறந்தான் ஒறங்கினேன்."

"சரி, பெரியப்பா காட்டுல எப்படி வந்துச்சு?"

இப்போது கரண்டி நின்றது. அம்மா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா கூட்டுக்குள் எதையோ தேடினார்.

"அக்கா கேட்டுச்சு" என்றார் அம்மா. "ஒரு சொளகு நெறய அள்ளிக் குடுத்தேன். வரப்புக்கு அங்கிட்டு இருந்தா பசிக்காதா?"

அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. பெரியப்பா மனைவியின் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "அடியே, எனக்குத் தெரியாம என் நெலத்துக்குப் பூஞ்சாணம் வச்சியா?"

"பேப்பயலுக்குப் பொறந்த பேச்சப் பாரு! காய்ச்சுச்சா இல்லையா? நாலு நாளா தோளுல தூக்கிக்கிட்டு ஊரச் சுத்துனீங்கள்ல?" என்றார் பெரியம்மா.

பெரியப்பா துண்டைத் தேடினார். உதறுவதற்கு அன்று துண்டு கொண்டு வரவில்லை.

என் பெயர் காப்பாற்றப்பட்டதா என்றால், இல்லை. அதுதான் கஷ்டம். தூள் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது, மழையும் எல்லோருக்கும் பெய்துவிட்டது. எது காய்க்க வைத்தது என்று யாரால் சொல்ல முடியும்? சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அப்பா அதைத்தான் சொன்னார். "அண்ணன் மழைங்கிறாரு. நீ தூளுங்கிற. ஒங்கம்மா தன் கைராசிங்கிறா. நான் சூளைக்காரருக்கு என்னன்னு பதில் சொல்றது? ஒரு வருசம் நல்லாக் காய்ச்சதுக்காக நெலத்த வச்சிருக்க முடியுமா?" கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "இன்னொரு ஆடி பாப்போம்" என்றார். "அதுதான் கடைசி."

தையில் சூளைக்காரர் வந்தார். அப்பா, "பரிச்சை நடக்குதுங்க, முடிஞ்சப்புறம் வாங்க" என்று அனுப்பினார். "பாப்பாவுக்குங்களா?" என்று அவர் கேட்க, "இல்லீங்க, பூசணிக்கு" என்றார் அப்பா. அவர் குழப்பத்திலும் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அந்த வருடம் எனக்குப் படிப்பு முடிந்தது. டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டுக்குப் பின்னால் பழைய சிமெண்டுத் தொட்டியில் மக்காச்சோளம் போட்டு நானே தூள் பெருக்கினேன். ஆனால் தூளைவிடப் பெரிய சிக்கல் அம்மாதான். அவர் உயிரோடு இருக்கும்வரை எங்கள் நிலத்தில் பாதிக்குப் போட்டு பாதியைப் பட்டினி போட முடியாது. பூட்டி வைத்தால் பூட்டைத் திறப்பார். சாவியை எடுத்துப் போனால் சுவரை இடிப்பார். சுவர் மண் சுவர்தான்.

பிறகு ஒருநாள், வகுப்பில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வழி தோன்றியது. பட்டினி போட வேண்டாம். எல்லா இலைக்கும் போடலாம். பாதி இலைக்கு உயிருள்ள தூள், பாதி இலைக்கு உயிரில்லாத தூள். அதே மணல், அதே வேர், அதே அளவு. வித்தியாசம் பூஞ்சை மட்டும். கல்லூரியில் இதற்குப் பெரிய பாத்திரம் ஒன்று உண்டு, ஆவியில் வைத்துக் கிருமியைக் கொல்ல. எங்கள் வீட்டில் இட்லிக் கொப்பரை உண்டு.

"இட்லிக் கொப்பரையில மண்ணா?" அம்மா கொப்பரையை இடுப்போடு அணைத்துக்கொண்டார். கடைசியில் பரணிலிருந்து ஓட்டை விழுந்து அடைத்த பழைய கொப்பரை ஒன்று இறங்கியது. கொல்லையில் கல் கூட்டி, தூளைத் துணியில் கட்டி அவித்தேன். ஒருமுறை போதாது. ஆறவைத்து மறுநாளும் அவிக்க வேண்டும். பெரியம்மா வரப்பிலிருந்து எட்டிப் பார்த்து, "சட்னி என்னத்தா?" என்று கேட்டார்.

அம்மாவிடம் நான் எதையும் மறைக்கவில்லை. இது பச்சை, இது அவித்தது, பாதிக்கு இது, பாதிக்கு அது என்று சொல்லிவிட்டு, அடி விழுமோ என்று பார்த்தேன். அம்மா இரண்டையும் உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் உண்டுல்ல?"

"எல்லாத்துக்கும் உண்டு."

"ஒரே அளவு?"

"ஒரே அளவு. நீயே போடு."

"பின்ன என்ன? ஒருத்தருக்குப் பச்சரிசி, ஒருத்தருக்குப் புழுங்கல். இதுல என்ன வஞ்சனை இருக்கு?" என்றார் அம்மா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பச்சைத் தூள், புழுங்கல் தூள். என் கல்லூரியில் வைத்த பெயரைவிட நல்ல பெயர்.

போன வருடத்துத் தூள் மண்ணிலேயே தங்கியிருக்கும் என்பதால், மேட்டில் அது படாத ஓரமாகப் பார்த்துக் கயிறு கட்டிப் பிரித்தேன். பச்சைப் பக்கத்துக்குச் சிவப்பு நூல் கட்டினேன், புழுங்கல் பக்கத்துக்கு வெள்ளை நூல். எது எது என்று அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அப்பாவுக்குச் சொல்லவில்லை. பெரியப்பாவுக்குச் சொல்லவே இல்லை, ஏனென்றால் அவரைத்தான் நடுவராக வைத்தேன். "என்னை நம்பாத ஆளுதான் எனக்கு வேணும்" என்றேன். அவருக்கு அது மரியாதையா அவமரியாதையா என்று தெரியாமல், மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

அந்த ஆடியில் மழை ஏமாற்றியது. இரண்டு தூறல் போட்டுவிட்டு மேகம் சிறுமலைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. முறை வைத்து இறைத்தோம். வெள்ளை நூல் பக்கத்து இலைகள் வெயில் ஏறும் முன்பே குடை மடக்கியதுபோல் தொங்கிவிடும். சிவப்பு நூல் பக்கம் உச்சி வெயில்வரை தாக்குப்பிடித்தது. நான் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதும்போதும் அந்த இலைகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வெள்ளை நூல் பக்கத்துக்கு ஒரு செம்பு தண்ணீர் கூடுதலாக ஊற்றுகிறாரா என்று வேவு பார்த்தேன். இல்லை. பங்கு பங்குதான். ஆனால் அந்தப் பக்கம் போய் நின்று, "பொறுத்துக்கங்கய்யா" என்று சொல்வதைக் கேட்டேன். பேச்சுக்கு மணிச்சத்து கிடையாது என்பதால் அதை விட்டுவிட்டேன்.

பிஞ்சு திரண்ட சமயம் பெரியப்பாவை மேட்டுக்கு அழைத்தோம். இரண்டு வீடும் வரப்பில் நின்றது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெரியப்பா கயிற்றோரமாக நடந்தார். குனிந்தார். இலையைப் புரட்டினார். மண்ணை எடுத்து முகர்ந்தார். தாலுகா ஆபீசிலிருந்து வந்தவர்போல் தொண்டையைச் செருமினார். கடைசியில், "இதுல என்னப்பு சந்தேகம்? அந்தா..." என்று கையை நீட்டி விரலால்...

"வெரல மடக்குங்க!" பெரியம்மா அவர் மணிக்கட்டில் ஒரு போடு போட்டார்.

பெரியப்பா விரலை மடக்கினார். முட்டியை நீட்டினார். முட்டி நேராகச் சிவப்பு நூலைக் காட்டியது.

"அந்தப் பக்கந்தான். பொய் சொன்னா சோறு எறங்குமா? அங்கிட்டு எல கறுகறுன்னு இருக்கு, பிஞ்சு திரண்டு நிக்கிது. இங்கிட்டு பாவம், பாலில்லாத புள்ளயாட்டம் கெடக்கு. அதுல எது ஒன் தூளு?"

"ரெண்டும் என் தூளுதான் பெரியப்பா. நீங்க காட்டுனது உயிரோட இருக்குற தூளு. இது அவிச்சது."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். எருமையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "அம்புட்டுத் தூரம் வேலை செய்யுமா அது?" என்று மட்டும் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு சொளகு எடுத்து வையி. ஒம் பெரியம்மா மூலமா வேணாம். எங்கையில குடு" என்றார்.

தை பிறந்ததும் சூளைக்காரர் வந்தார். இந்த முறை லாரி ரோட்டில் நின்றது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பந்தயப்படி நான் பேசலாம். ஆனால் அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று கேட்க ஆசையாக இருந்தது.

"ஏனுங்க, பரிச்சை முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சதுங்க."

"அப்பறமென்னுங்க, மண்ணு எடுத்துக்கலாமுங்களா?"

"அது முடியாதுங்க. அதுல ஆளு குடியிருக்கு."

சூளைக்காரர் கிணற்று மேட்டைப் பார்த்தார். காய்ந்த கொடியும் ஒரு காக்காயும் தவிர அங்கே யாரும் இல்லை. "யாருங்க?"

"கண்ணுக்குத் தெரியாதுங்க. ஆனா வாடகை ஒழுங்காக் குடுக்குறாங்க. வெவரம் வேணும்னா எம்மகளக் கேளுங்க, அது படிச்ச புள்ள."

நான் வெளியே வந்து முழுப் பாடத்தையும் நடத்தினேன். அவர் நின்றபடியே கேட்டார், வெயிலில், மரியாதை குறையாமல். போகும்போது சொன்னார்: "எங்கூட்டுல அரசாணி போட்டிருக்குதுங்க. காயே புடிக்க மாட்டேங்குது. அந்தப் பொடி ஒரு கை கெடைக்குமுங்களா?" அவர்கள் பக்கம் பூசணிக்கு அரசாணி என்று பெயர். மண் எடுக்க வந்தவர் கையில் ஒரு பொட்டலம் மண் கொடுத்து அனுப்பியது எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும்.

அவர் போன பிறகு என்னால் சும்மா உட்கார முடியவில்லை. பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குப் போகிறபோதெல்லாம் ஜன்னல் வழியாக அந்த ரோட்டோரப் பள்ளம் தெரியும், அவர் முன்பே தோலுரித்த நிலம். மேல் மண் போனால் அதில் குடியிருந்தவர்களும் லாரியில் போய்ச் செங்கல்லாகிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம். அடுத்த மாதமே அந்த நிலத்துக்காரரிடம் போய் ஒரு மூலையைக் கேட்டேன். "புல்லே மொளைக்கல, ஒனக்கு என்ன மொளைக்கப் போவுது? எடுத்துக்கத்தா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் அங்கே குழி எடுத்தோம். கடப்பாரை கல்லில் பட்டதுபோல் சத்தம் போட்டது. பெரியப்பா வண்டியில் சாணி எரு கொண்டுவந்து கொட்டிவிட்டு, "இதுல காய்ச்சா நான் மீசைய எடுக்குறேன்" என்றார். அம்மா இடுப்பில் இரண்டு பானைகளோடு பள்ளத்தில் இறங்கினார், ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல், மற்றதில் வெள்ளை.

"இங்க எத்தன எல?" என்று கேட்டார்.

நான் விரலை நீட்டப் போய், மடக்கிக்கொண்டு, முட்டியால் காட்டினேன். அவர் முதல் குழியில் ஆரம்பித்தார். கடைசிக் குழிக்கும் அதே அளவு விழுந்தது. நான் பின்னாலேயே விதையை ஊன்றிக்கொண்டு போனேன். மூடிவிட்டு, எங்கள் கிணற்றிலிருந்து முதல் குடம் தண்ணீரைச் சுமந்து வந்து ஊற்றினேன்.